வாயிற்படியும் வன்மமும்



காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறுகின்ற சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றைக் கடந்து மேலே சென்றால், மலையூர்கள் ‘நாடு’ என்னும் பெயரால் தொகுக்கப்பெற்றிருப்பதைக் காணலாம். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்பன போன்ற அந்நாடுகளுள் ஒன்று பெரக்கரை நாடு. அங்கு வாழ்பவர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைத்துவிடாதீர்கள். அவர்கள் தாய்மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

ஆசிரியப் பணியில் சில ஆண்டுகளை அம்மலையில் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பின்னர், பழைய மாணவர் ஒருவரைக் காணப் பெரக்கரை நாட்டுக்குச் சென்றிருந்தேன். அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, சாலையில் ஒரு கார் நின்றது. உல்லாசப் பயணம் வந்த சிலர் இறங்கினர். எதிர்வீட்டில் ஒரு மூதாட்டி குளித்து முடித்து, உள்ளே அடுப்பருகே அமர்ந்து தலையை உலர்த்திக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. வந்தவர்களுள் ஒருவர் வாயிற்படிக்கு வெளியே நின்றபடி, கைப்பேசியை மட்டும் உள்ளே நீட்டிப் படம் எடுத்தார். மூதாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திரும்பியதையும் படம் எடுத்தார்கள். பின்னர்ச் சிரித்துக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

என் மாணவரின் மகள் கல்லூரியில் படிப்பவள். அவள் என்னிடம் இரண்டு வினாக்களை எழுப்பினாள். “ஐயா, அவர் செய்தது சட்டப்படி குற்றமா?” என்பது முதல் வினா. “சமவெளியில் ஒரு பெரிய வீட்டு வாயிலில் நின்று இவ்வாறு செய்திருப்பாரா? மலைச்சனம் என்ற எளக்காரந்தானே? அந்த எளக்காரத்துக்குத் தனியாகத் தண்டனை உண்டா?” என்பது இரண்டாவது. நான் உடனே விடை கூறவில்லை. இவ்விரு வினாக்களுக்கும் நம் நாட்டுச் சட்டம் விடை தேடத் தொடங்கி நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றது. அந்த வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

மெக்காலே தலைமையில் அமைந்த சட்டக் கமிஷன் 1837ஆம் ஆண்டு வரைந்தளித்த நகலே, பல திருத்தங்களுக்குப் பின் 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் ஆயிற்று. 1862ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் வீட்டைக் காக்கவில்லை என்று கூற இயலாது. அனுமதியின்றிப் பிறர் வீட்டுக்குள் தீய நோக்கத்துடன் புகுவது அத்துமீறல் என்னும் குற்றம். ஆனால் அச்சட்டம் காத்தது பெரும்பாலும் சுவரையும் கதவையுந்தான். கால் வைத்தால் குற்றம். கண் வைத்தால் குற்றமன்று. இதற்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. 509ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் நாணத்தை இழிவுபடுத்தும் நோக்கத்துடன் அவளுடைய அந்தரங்கத்தில் நுழைவதைக் குற்றமாக்கி, ஓராண்டு வரை வெறுங்காவல் விதித்தது. ‘அந்தரங்கம்’ என்னும் கருத்து நம் குற்றச் சட்டத்தில் இடம்பெற்ற பழைய இடம் அதுவே. சிறிய இடந்தான்; ஆயினும் 1860ஆம் ஆண்டிலேயே அது இருந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

நம் முன்னோர்க்கு இக்கருத்து புதிதன்று என்பதை இங்கே இடையிட்டுச் சொல்ல வேண்டும். தமிழில் ‘அகம்’ என்ற சொல் வீட்டையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும், காதல் வாழ்வைப் பாடும் இலக்கியப் பிரிவையும் குறிக்கும். அகப்பாட்டில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சொல்லுதல் கூடாது என்பது தொல்காப்பியர் காட்டும் மரபு. ஓரி ஆண்ட கொல்லிமலையைப் பெயர் சொல்லிப் பாடலாம். அம்மலைச் சாரலில் காதலித்தவள் இன்னாள் என்று பாடலாகாது. தமிழாசிரியராகவும் சில ஆண்டுகள் வேலை பார்த்தவனாதலின், இதை விட்டுச்செல்ல மனம் வரவில்லை. மேலே செல்வோம்.

தண்டனைச் சட்டம் வந்து பதினோராண்டுகள் ஆன பின், அதற்கு நேர்மாறான ஒரு சட்டத்தை அதே அரசாங்கம் இயற்றியது. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தைத்தான் குறிப்பிடுகிறேன். 1911ஆம் ஆண்டுக்குப் பின் சென்னை மாகாணத்திலும் அது பரவியது. நம் மக்கள் அதை ‘ரேகைச் சட்டம்’ என்று அழைத்தனர். சில குலங்களில் பிறந்தவர்கள், ஒரு குற்றமும் செய்யாதிருப்பினும், கைரேகை பதிய வேண்டும். ஊரை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். இரவில் அழைத்த இடத்தில் ஆசர் கொடுக்க வேண்டும். அந்தரங்கத்தை மீறுவதும், பிறப்பைக் கருதி ஒருவரைத் துன்புறுத்துவதும் ஆகிய இரண்டும் அங்கே ஒரே சட்டத்தில் இணைந்திருந்தன. அதைச் செய்தவர் வழிப்பறிக்காரர் அல்லர், அரசாங்கமே செய்தது. 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணம் இச்சட்டத்தை நீக்கியது. 1952ஆம் ஆண்டு நாடு முழுவதும் அது நீங்கியது. என் மாணவியின் இரு வினாக்களும் தனித்தனி வினாக்கள் அல்ல என்பதை இந்த வரலாற்றிலிருந்தே நான் உணர்ந்தேன்.

சட்டம் போயிற்று, பழக்கம் போகவில்லை. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் 1941ஆம் ஆண்டில் ஒரு கொள்ளை வழக்கில் பிடிக்கப்பட்டுப் போதிய சான்றின்மையால் விடுவிக்கப்பட்டவர். எனினும் அவர் பெயரில் போலீசார் ஒரு கணக்கேட்டைத் திறந்து வைத்து, நள்ளிரவில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, அவர் உள்ளே இருக்கிறாரா என்று பார்த்து வந்தனர். அவ்வழக்கில் 1962ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இரவில் கதவைத் தட்டும் விதியைச் செல்லாது என்றது. ஆனால் பெரும்பான்மை நீதிபதிகள், அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் உறுதியளித்த உரிமையன்று என்றும் எழுதி வைத்தனர். நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டு, அந்தரங்கம் தனிமனிதச் சுதந்திரத்தின் இன்றியமையாத கூறு என்றார். சிறுபான்மைத் தீர்ப்பாக நின்ற அந்தக் கருத்து வெற்றி பெற 55 ஆண்டுகள் ஆயின. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். இடையில் 1994ஆம் ஆண்டு, நம் மாநிலத்திலிருந்து சென்ற நக்கீரன் இதழ் வழக்கில், தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடுமாறு கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று அந்நீதிமன்றம் சொல்லியிருந்தது.

உரிமை என்பது வேறு. அதை மீறியவனைக் கூண்டில் நிறுத்தும் குற்றப் பிரிவு வேறு. மாணவர்கள் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ள வேண்டும். குற்றப் பிரிவு வேண்டும் என்ற யோசனை 2017ஆம் ஆண்டில் எழுந்ததன்று. 1971ஆம் ஆண்டிலேயே சட்டக் கமிஷன் தன் 42ஆம் அறிக்கையில், அந்தரங்கத்துக்கு எதிரான குற்றங்கள் எனத் தண்டனைச் சட்டத்தில் ஒரு தனி அத்தியாயம் சேர்க்கப் பரிந்துரைத்தது. மறைவாகக் கருவி வைத்துப் பேச்சைக் கேட்பது, பதிவு செய்வது, இசைவின்றிப் படம் எடுப்பது, அவற்றை வெளியிடுவது ஆகியவை அதன் பொருள். கைப்பேசி பிறக்காத காலம் அது. புகைப்படக் கருவி வைத்திருப்பவரை ஊரே திரும்பிப் பார்த்த காலம். அந்நாளிலேயே இதை எண்ணியவர்களின் தொலைநோக்கைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

அப்பரிந்துரைகளைக் கொண்டு எழுந்த தண்டனைச் சட்டத் திருத்த மசோதா 1972ஆம் ஆண்டு மாநிலங்களவையில் கொணரப்பட்டது. கூட்டுக் குழுவுக்குச் சென்றது. அக்குழு 1976ஆம் ஆண்டு அறிக்கை தந்தது. 1978ஆம் ஆண்டு மாநிலங்களவை அம்மசோதாவை நிறைவேற்றியது. மக்களவையில் நிறைவேறுமுன் 1979ஆம் ஆண்டு அவ்வவை கலைக்கப்பட்டது. மசோதா காலாவதியாயிற்று. ஏழாண்டு உழைப்பு ஏட்டில் நின்றுவிட்டது. எதிரிகள் வாதிட்டு அதைத் தோற்கடித்திருந்தால், அந்த வாதமாவது வரலாற்றில் இருந்திருக்கும். அவ்வாறன்றி, அது நாட்காட்டியிடம் தோற்றது.

அதன்பின் சட்டம் துண்டு துண்டாகவே வளர்ந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 66-இ பிரிவு, ஒருவரின் உடலின் மறைவுறுப்புகளை இசைவின்றிப் படம் எடுப்பதையும் பரப்புவதையும் மூன்றாண்டு வரை தண்டிக்கத்தக்க குற்றமாக்கியது. 2012ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லியில் நடந்த கொடுமைக்குப் பின், நீதிபதி வர்மா குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, 2013ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் 354-சி பிரிவு புகுந்தது. தன்னை யாரும் பாரார் என்று நம்பி ஒரு பெண் மறைவாகச் செய்யும் செயலை எட்டிப் பார்ப்பதும், படம் எடுப்பதும், பரப்புவதும் குற்றம் என்றது அப்பிரிவு. முதன்முறை ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. மீண்டும் செய்தால் மூன்று முதல் ஏழாண்டு. படம் எடுக்க இசைந்த பெண், அதைப் பிறருக்குக் காட்ட இசையவில்லையாயின், காட்டுவதும் குற்றமே என்று அச்சட்டம் தெளிவாக்கியது. இது மிக நுட்பமான விதி. 1860ஆம் ஆண்டின் 509ஆம் பிரிவுக்கும் தண்டனை மூன்றாண்டாக உயர்த்தப்பட்டது. 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாள் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 77, 79 ஆகிய எண்களைப் பெற்றுள்ளன.

இனி இரண்டாம் வினாவுக்கு வருகிறேன். பகையால் செய்த குற்றத்துக்கு மிகுதியான தண்டனை ஏன்? அடித்த அடி ஒன்றுதானே என்று கேட்கலாம். என் வகுப்புகளிலும் இவ்வினா எழுந்ததுண்டு. ஒருவனிடம் பணம் பறிக்க அடிக்கிறவன் அந்த ஒருவனை அடிக்கிறான். இன்ன குலத்தான் என்பதற்காக அடிக்கிறவன், அக்குலத்தில் பிறந்த அனைவர்க்கும் ஒரு செய்தி அனுப்புகிறான். அடிபட்டவன் தன் பிறப்பை மாற்றிக்கொண்டு தப்ப முடியாது. அவன் அண்டை வீட்டாரும் அன்றிரவு உறங்க முடியாது. மிகுதியான தண்டனை அந்த இரண்டாம் காயத்துக்கே.

1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் கோயிலிலும் கடையிலும் கிணற்றிலும் தடுப்பதைக் குற்றமாக்கியது. ஆயினும் கொலைக்கும் தீவைப்புக்கும் அது கை நீட்டவில்லை. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசையில் எரிந்து மாண்டனர். கூலி உயர்வு கேட்ட ஒடுக்கப்பட்ட உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர் அவர்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்கள் பின்னர் உயர் நீதிமன்றத்தில் விடுதலையாயினர். சாதியின் பெயரால் நிகழும் கொடுமையைத் தனிக் குற்றமாகக் காணும் சட்டம் அன்று நாட்டில் இல்லை.

அச்சட்டம் 1989ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்பது அதன் பெயர். பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைக்குரிய குற்றத்தை, ஒருவர் அவ்வகுப்பினர் என்ற காரணத்தால் அவருக்கு எதிராகச் செய்தால், ஆயுள் தண்டனை என்று அதன் மூன்றாம் பிரிவில் ஓர் உட்பிரிவு கூறியது. பகைமைக்கெனத் தண்டனையை உயர்த்தும் விதி இந்தியாவில் இவ்வாறே வேரூன்றியது. பிரிட்டன் இனப்பகைக் குற்றங்களுக்குத் தனித் தண்டனை வகுத்தது 1998ஆம் ஆண்டில்தான். நம் 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டம், இன, சமயப் பகையால் செய்யப்படும் சில குற்றங்களுக்கு ஒன்றரை மடங்கு தண்டனை விதிக்கலாம் என்று 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஏற்றது. எட்டிப் பார்ப்பதைத் தனிக் குற்றமாக்கியது 2019ஆம் ஆண்டில்.

இச்சட்டத்தின் வலிமையையும் தளர்ச்சியையும் காட்டும் ஊர் ஒன்று கொல்லிமலைக்கு வடக்கே உள்ளது. தருமபுரி மாவட்டம் அரூர்ப் பகுதியில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியே அவ்வூர். அங்கு வாழ்பவரும் பெரக்கரை நாட்டினரைப் போன்ற மலையாளிப் பழங்குடியினரே. 1992ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள், சந்தனக் கட்டை தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தோர் பெருங்கூட்டமாக அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகள் இடிக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, ஆடவரும் பெண்டிரும் அடிக்கப்பட்டனர், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். பலர் சேலம் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தமிழ்நாடு பழங்குடி மக்கள் சங்கத்தார் முதலியோர் விடாது போராடினர். 1995ஆம் ஆண்டு வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புக் கூறியபோது அவர்களுள் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனப்பட்டனர்: வனத்துறையினர் 126, காவல்துறையினர் 84, வருவாய்த்துறையினர் 5. அவர்களுள் 17 பேர் பாலியல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். 2023ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்து, அந்த 18 பெண்களுக்கும் தலா 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. நிகழ்ச்சிக்கும் இறுதி உறுதிப்பாட்டுக்கும் இடையே 31 ஆண்டுகள். அன்று தாயின் இடுப்பில் இருந்த குழந்தைக்கு இன்று பிள்ளைகள் இருக்கும்.

வாச்சாத்தியில் காரணம் கண்கூடு. எல்லா வழக்கும் அவ்வாறு இருப்பதில்லை. ‘என்ற காரணத்தால்’ என்னும் சொற்கள் பல வழக்குகளில் முட்டுக்கட்டையாயின. அடித்தவன் மனத்தில் இருந்தது சாதிப்பகையா, நிலத்தகராறா, குடிவெறியா? மனத்தைத் திறந்து காட்டும் சாட்சி எவர்? அதை மெய்ப்பிக்க இயலாமையால், குற்றம் உறுதியாகியும் மிகைத் தண்டனை நீக்கப்பட்ட வழக்குகள் உண்டு. எனவே 2015ஆம் ஆண்டு நாடாளுமன்றம் அச்சொற்களை மாற்றி, ‘அவ்வகுப்பினர் என்று அறிந்து’ எனத் திருத்தியது. 2016ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் முதல் அத்திருத்தம் நடைமுறையில் உள்ளது. காரணத்தை மெய்ப்பிப்பது கடினம். அறிவை மெய்ப்பிப்பது எளிது. ஒரே ஊரில் வாழ்பவன் எதிர்வீட்டானின் குலம் அறியேன் என்று கூற முடியுமா? இலக்கணம் படிப்பதால் என்ன பயன் என்று கேட்கும் மாணவர்கள், ஒரு சொற்றொடரின் மாற்றத்தால் ஆயுள் தண்டனை நிற்பதையும் வீழ்வதையும் இங்கே காணலாம்.

சொல்லின் விளைவுக்கு இன்னொரு சான்றும் உண்டு. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட புதிய தண்டனைச் சட்ட மசோதா, ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி, இனம், சாதி, பால், பிறப்பிடம், மொழி முதலியவற்றைக் கருதிச் செய்யும் கொலையைத் தனியே வகைப்படுத்தியது. கும்பற் கொலைக்குத் தனிச் சட்டம் இயற்றுமாறு 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. ஆனால் அந்த முதல் நகலில் தண்டனை எவ்வாறு இருந்தது தெரியுமா? மரணம், ஆயுள், அல்லது ஏழாண்டுக்குக் குறையாத சிறை. சாதாரணக் கொலைக்கு மரணம் அல்லது ஆயுள். பகைமைக் கொலைக்கு ஏழாண்டும் போதும்! மிகுதியாக்கப் புறப்பட்ட கை குறைத்தே எழுதிவிட்டது. டிசம்பரில் வந்த திருத்திய மசோதாவில் அந்த ஏழாண்டு நீக்கப்பட்டது. இன்று 103ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவாக நிற்பது அதுவே. அப்பட்டியலில் சமயம் என்ற சொல் வெளிப்படையாக இல்லை; ‘அது போன்ற பிற காரணம்’ என்பதற்குள் அதனை நீதிமன்றங்கள் அடக்குமா என்பதைப் போகப் போகத்தான் காண வேண்டும். நால்வர் சேர்ந்து செய்தால் அப்பிரிவு பொருந்தாது என்பதும் எனக்கு விளங்காத கணக்கு.

அந்தரங்கமும் பகைமையும் ஒரே காட்சியில் சந்தித்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லாமல் முடிக்க இயலாது. கேரளத்தின் அட்டப்பாடி மலையில், 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், உணவுப் பொருள் திருடியதாகச் சொல்லி ஒரு பழங்குடி இளைஞரைக் கட்டி வைத்து ஒரு கூட்டம் அடித்தது. அக்கூட்டத்தில் சிலர் அவரோடு சேர்த்துத் தம்மையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டனர். அவர் அன்றே இறந்தார். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் எனக் கண்டு, 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. அடிப்பதற்கும் படம் எடுப்பதற்கும் துணிவு ஓரிடத்திலிருந்தே வந்தது. இவன் வாயிலில் யார் வேண்டுமாயினும் நிற்கலாம், இவன் முகத்தை யார் வேண்டுமாயினும் எடுத்துச் செல்லலாம் என்று எண்ணியவர்களே இவன் உடலிலும் கை வைத்தனர்.

மாணவிக்கு நான் கூறிய விடை இதுதான். அம்மூதாட்டி குளித்துக்கொண்டிருந்திருந்தால், அது 77ஆம் பிரிவின்படி குற்றம். காலை உள்ளே வைத்து அவரைத் துன்புறுத்தியிருந்தால், அத்துமீறல் என்று புகார் எழுதலாம். வெளியே நின்று, உடுத்திய பெண்ணை, அவர் வீட்டுக்குள் படம் எடுத்ததற்கு நேரான பிரிவு இல்லை. 1979ஆம் ஆண்டு காலாவதியான அந்த மசோதா சட்டமாகியிருந்தால், அதைக் கொண்டு கேட்க வழி இருந்திருக்கும். இழிவுபடுத்தும் நோக்கம் மெய்ப்பிக்கப்பட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இடம் உண்டு. சிரித்துவிட்டுப் போனவரின் நோக்கத்தை எவ்வாறு மெய்ப்பிப்பது? எளக்காரத்துக்கு மிகைத் தண்டனை தரும் சட்டம் கையில் இருந்தும், மிகுதியாக்குவதற்கு அடியில் ஒரு குற்றம் இல்லை.

அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பின், “பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியந்தான் என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தானே ஐயா?” என்று கேட்டாள். ஆம் என்றேன். நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, ‘கேட்டுவிட்டுப் படம் எடுக்கவும்’ என்று பெரிய எழுத்தில் எழுதினாள். அதை எதிர்வீட்டுக் கதவில் ஒட்டும்போது, எழுத்தறியாத அம்மூதாட்டி அவளை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார், பிறகு, “கேட்டா நான் வேண்டாம்னு சொல்லலாமா தாயி?” என்றார்.